ஏறும்போது ஹெல்மெட்டை எங்கே வைப்பது?

ஓபர்கிரீஸ், டிரோல்
மார்ச் 18, செவ்வாய்

மலையேற்றச் சங்கத் தலைவரும் என் அன்புத் தம்பியுமான வென்டெலினுக்கு,

அண்ணன் கெப்ஹார்ட் எழுதும் மடல். இங்கே நானும் உன் அண்ணி வால்புர்காவும் மாடுகளும் சுகம். என் கழுத்து மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா, பிள்ளைகள் சௌக்கியமா என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் திங்களன்று பனிச்சறுக்குக் குழுவை மலைக்கு அழைத்துப் போகிறவர் இந்த வருஷம் முதல் ஹெல்மெட் கொண்டுபோக வேண்டும், அண்ணனானாலும் விலக்கு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் சரிப்படாவிட்டால் குழு இக்னாஸுக்கு என்று எழுதியிருந்தாய். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குழுவை அழைத்துப் போகிறவன் நான். சரி, சட்டம் என்றால் சட்டம்தான் என்று ஒரு ஹெல்மெட் வாங்கினேன். சறுக்கி இறங்கும்போது போட்டுக்கொள்வதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் ஏறும்போது? சறுக்குக் கட்டைக்கு அடியில், பின்னால் வழுக்காமலிருக்க ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து ஏறுகிறவன் அதைத் தலையில் போட்டால் மூளை வெந்துவிடாதா? முதுகுப்பையில்தான் வைக்க வேண்டும். பையில் எங்கே என்று உன் கடிதத்தில் ஒரு வரி உண்டா? பையைத் தைத்தவனாவது யோசித்தானா? மனுஷனுக்குத் தலை என்று ஒன்று இருப்பதே அந்த ஆளுக்குத் தெரியாது போலிருக்கிறது.

"உள்ளேயே திணிச்சுக்கோங்களேன்" என்றாள் உன் அண்ணி. திணித்தேன். ஹெல்மெட் உள்ளே போனது. ஃபிளாஸ்க், ரொட்டி, புகை போட்ட பன்றி இறைச்சி, கம்பளிச் சட்டை எல்லாம் வெளியே வந்தன. சரி, இறைச்சியை ஹெல்மெட்டுக்குள் வைத்து அதைப் பைக்குள் வைக்கலாமே என்று பார்த்தேன். "அப்புறம் அதையே தலையில கவுத்துக்கிட்டீங்கன்னா மலையில இருக்கிற நரியெல்லாம் உங்க பின்னாடிதான் வரும்" என்று பிடுங்கிவிட்டாள். கடைசியில் ஒரு கொக்கியில் மாட்டி வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஒத்திகைக்குச் சாட்சியாக நீ அனுப்பியது யாரை? அதே இக்னாஸை! ஊருக்குள் எனக்கும் அந்த ரொட்டிக்கடைக்காரருக்கும் வேலித் தகராறுக்குப் பிறகு 'வாங்க, போங்க' மட்டும்தான். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேலே யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை, மலை வழக்கம் அப்படி. உயரப் பலகையைத் தாண்டியதுதான் தாமதம், பத்து வருஷமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மனுஷன் அவிழ்த்துவிட்டார். என் ஹெல்மெட் அடிக்கு ஒரு தரம் டொக், டொக் என்று பையில் இடிக்கிறது. "ஏன்டா கெப்ஹார்ட், மாட்டுக்குத்தான் மணி கட்டுவாங்க. உன் வீட்டுக்காரம்மா உனக்கும் கட்டி அனுப்பிட்டாங்களா?" என்றார். பதில் சொல்லச் சட்டென்று திரும்பினேன். ஹெல்மெட்டும் என்னோடு திரும்பி அவர் மூக்கில் போய் இடித்தது. எனக்கு ரொம்ப வருத்தம் என்று எழுதினால் அது பொய்.

"அதை முன்னாடி மாட்டுடா, மூக்காவது மிஞ்சும்" என்றார். மார்பில் மாட்டினேன். எட்டு மாசக் கர்ப்பிணி மாதிரி என் கால் எனக்கே தெரியவில்லை. வளைவில் திரும்பும்போது இடது கட்டைமேல் வலது கட்டையை வைத்து, குப்புற விழுந்தேன். "எழுந்திரு தாயி, பதமா எழுந்திரு" என்று கை கொடுத்தார், கடன்காரர்.

பிறகு தாடைப் பட்டியைப் பையின் வாரோடு இழுத்துக் கட்டி, ஹெல்மெட்டைச் சட்டிபோல வாய் மேலே பார்க்க முதுகில் உட்காரவைத்தேன். ஆடவில்லை, சத்தமில்லை. லார்ச் மரங்களுக்கு அடியில் முக்கால் மணி நேரம் நடந்தோம், பின்னால் வந்தவர் வாயே திறக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கிளையிலிருந்து விழுகிற பனியெல்லாம் நேராக அந்தச் சட்டிக்குள் விழுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்!

மேட்டுக்கு வந்ததும் கடிகாரத்தை எடுத்தார். "பனிச்சரிவு! ஒருத்தன் புதைஞ்சிட்டான்! மண்வெட்டியை எடு!" என்று கத்தினார். பையை இறக்கிப் பார்த்தால், தம்பி, மண்வெட்டி இருக்கிற அறைக்கு மேலேதான் அந்தப் பட்டியைக் கட்டியிருக்கிறேன். நனைந்து உறைந்து கல்லாகிவிட்டது. விரலால் முடியவில்லை, பல்லால் இழுத்தேன், கெட்ட வார்த்தையால் இழுத்தேன். ஒருவழியாக அவிழ்ந்தது. இரண்டு கையும் வேண்டுமே என்று அவசரத்தில் ஹெல்மெட்டைத் தூக்கித் தலையில் கவிழ்த்தேன். ஐயோ அம்மா! வழுக்கைத் தலை, முதுகு, இடுப்பு வரைக்கும் பனி. கழுத்து பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

மண்வெட்டி கைக்கு வர நாலு நிமிஷம் பத்து வினாடி. இக்னாஸ் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. என் காலரிலிருந்து பனியைத் தட்டிவிட்டு, "கெப்ஹார்ட், உள்ளே கிடந்தது நானா இருந்தா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆள் கேட்டது நியாயம்தானே?

ஆகவே, தலைவர் அவர்களே, ஈஸ்டர் குழுவை இக்னாஸிடமே கொடுத்துவிடுங்கள். ஒருத்தர் சுண்டுவிரலுக்கும் சேதமில்லாமல் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தவன் நான், அந்தப் பேரோடேயே நிறுத்திக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாத்தான்டா இருக்கு. ராத்திரி சாப்பாடு இறங்கல.

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல பனியும் கெட்டியான முழங்காலும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கெப்ஹார்ட்

பி.கு.: கடிதத்தை உள்ளே வைத்து உறையை ஒட்டியாகிவிட்டதால் அதன் முதுகில் எழுதுகிறேன், தபால்காரர் படித்தால் படிக்கட்டும். ராஜினாமா என்று சொன்னதும் உன் அண்ணி நிலவறைக்குப் போய், நாலு மூலையிலும் கொக்கி வைத்த ஒரு வலையை வெங்காயத்தோடு தூக்கிக்கொண்டு வந்தாள். "இது உங்க பையோட வந்ததுங்க. மூணு வருஷம் ஆச்சு. வெங்காயத்துக்கு இவ்வளவு நல்லா இருந்துச்சா, வேற எதுக்குன்னு நான் யோசிக்கவே இல்ல" என்றாள். ஹெல்மெட் அதில் கச்சிதமாக உட்கார்ந்து பையின் தலைமேல் நிற்கிறது, மண்வெட்டி எட்டு வினாடியில் வந்துவிட்டது, கடிகாரம் பார்த்தது அவளே. வென்டெலின், ஈஸ்டர் திங்கள் குழுவைக் கூட்டிக்கிட்டுப் போறது நான்தான். இந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே அடுப்பில் போட்டுவிடு.