பாப்பம்

நடுநிலையாளர் என்றோர் இனம் உண்டு. நகரசபைகளில் நன்றாக வளரும். வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது, மேகமூட்டம் போதும். நாம் பார்க்கப்போவது ஜெர்மனியில், ரூர் பக்கத்து நகரமொன்றின் சபை உறுப்பினர் திரு. மன்பிரெட் லீலியன்தாலை.

லிபரல் கட்சிக்காரர், யூதர், நல்ல மனிதர். மூன்றும் ஒரே ஆளில் சேர்ந்தால் பிழைப்பு எப்படி இருக்கும் என்கிறீர்கள்? நவம்பரில், ஹிட்லர் காலத்தில் யூதருக்கு நேர்ந்த கொடுமையின் நினைவுநாள் வந்தால் மேயரே கையைப் பிடித்து மேடையேற்றுவார், நகரமே எழுந்து நின்று கேட்கும், முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வரும். அடுத்த வாரம் அதே மனிதர் சாக்கடை வரியைப் பற்றி வாயைத் திறந்தால் அதே மேயர் கைபேசியை எடுத்துவிடுவார். லீலியன்தாலுக்கோ சாக்கடை வரிதான் உயிர். யூதத் தொழுகைக்கூடத்தில், நம்முடைய ஆள் கொஞ்சம் உரத்துப் பேசக்கூடாதா என்பார்கள். கட்சியில், எல்லாருக்கும் பொதுவான ஆள் கொஞ்சம் அடக்கிப் பேசக்கூடாதா என்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார். மனைவி விளக்கை அணைப்பார்.

ஒரு பெருமை மட்டும் உண்டு. எதையும் நேரில் பாராமல் கை தூக்கமாட்டார். தெருவில் பள்ளம் என்று யாராவது முறையிட்டால் பள்ளத்துக்குள் இறங்கி நின்று பார்ப்பார்.

கால்பந்து உலகக் கோப்பை ஆரவாரம் ஓய்ந்த 2006இல், பழைய பள்ளிக்கூடமொன்றை விற்க நகரசபை கிளம்பியது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடந்தது அங்கேதான். அதை விட்டால் பிள்ளைகளுக்கு வேறு இடமில்லை. விற்கக்கூடாது என்ற தீர்மானம் வாக்குக்கு வர இருந்தது. வகுப்பு ஆசிரியை கமலநாயகி, முருகேசுவின் பலசரக்குக் கடையில் இஞ்சி வாங்கிக்கொண்டிருந்த லீலியன்தாலைப் பிடித்து, ஆதரிப்பீர்களா என்று ஜெர்மனில் கேட்டார். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கடையில் கற்றுக்கொண்ட தமிழை அன்று இறக்கினார்.

"பாப்பம், அக்கா."

யாழ்ப்பாணத்தார் வாயில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பெண் கேட்டுப் போன வீட்டில் 'பாப்பம்' என்றால் வேறு வீடு பார் என்று அர்த்தம். மறுப்பை முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவர்கள் ஆக்கிவைத்த சொல். முருகேசுவோ அவருக்கு, 'பார்ப்போம்' என்ற அகராதிப் பொருளோடு நிறுத்தியிருந்தார்.

லீலியன்தால் வெளியே போனதும் முருகேசு கேட்டார்.

"என்ன சொன்னவர், ரீச்சர்?"

"பாப்பம் எண்டவர்."

"தமிழிலையோ?"

"ஓம், தமிழிலை."

"அப்ப முடிஞ்சுது."

அந்தச் சனிக்கிழமை கமலநாயகி வகுப்பை நிறுத்திவிட்டு, பிள்ளைகளையும் தாய்தகப்பனையும் திரட்டிக்கொண்டு இன்னொரு கட்சித் தலைவரின் வாசலுக்குப் போனார். அவர் முதலிலிருந்தே ஆதரவுதான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதே சனிக்கிழமை லீலியன்தால், யூதருக்கு ஓய்வுநாள் என்பதால் காரை எடுக்காமல், நகரத்தின் மறுகோடியிலிருந்து மழையில் நடந்தே பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். கதவு பூட்டிக் கிடந்தது. சுற்றிப் போய் ஜன்னல் வழியாகவும் பார்த்தார். ஒரு பிள்ளை இல்லை.

சபையில் நீளமாகப் பேசினார். ஒரு பக்கம் பார்த்தால் தாய்மொழி மனித உரிமையாம். மறுபக்கம் பார்த்தால், தானே நேரில் போனாராம், ஆள் நடமாட்டமே இல்லையாம். வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஆதரவும் எதிர்ப்பும் சமமாக வந்தன. சமம் என்றால் தீர்மானம் தோல்வி. பள்ளிக்கூடம் போயிற்று.

வெளியே நடையில் கமலநாயகி வழிமறித்தார். ஆத்திரத்தில் ஜெர்மன் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

"ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே ஐயா. ஏன் பாப்பம் எண்டனீங்கள்?"

அவருக்கு அதில் ஒரு சொல் விளங்கியது. ஜெர்மனில், மிகுந்த வருத்தத்தோடு பதில் சொன்னார்:

"பார்த்தேனே, அக்கா. நீங்கள்தான் இல்லை."



சரி, பிழை யாரில்? அந்த மனிதரிலும் நியாயம் இருக்கிறது, அந்த அம்மாவிலும் நியாயம் இருக்கிறது என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிறீர்கள், இல்லையா? ஆட்டுங்கள், ஆட்டுங்கள். அடுத்த தேர்தலில் லீலியன்தால் நிற்கப்போவதில்லையாம். கட்சியில் உங்களைப் போல ஒருவரைத்தான் தேடுகிறார்கள்.