ஈரமானியும் ஒரு கம்பளி மழையும்

ஜன்னலைத் திறக்காமலே வெளியே மழையா வெயிலா என்று சொல்லிவிடும் இனம் ஒன்று உண்டு. நீங்கள் தொப்பலாக நனைந்து வந்து நின்றாலும், "மழையா? இருக்காதே!" என்று உங்களையே சந்தேகப்படுவார்கள். அந்த இனத்தின் தலைமகன் நம்ம ஈரமானி. பெயர் சூட்டியது அவர் மைத்துனர்.

வானிலை அலுவலகத்தில் வேலை. செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞை, சந்தைக் கூட்டத்தில் நுழைந்த ஆள் மாதிரி, காற்றிலுள்ள நீராவியில் மாட்டிக்கொண்டு துளியூண்டு தாமதமாக வந்துசேரும். அந்தத் தாமதத்தை அளந்தால் மேலே எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். நல்ல வேலைதான், யார் குறை சொன்னது? ஆனால் மனிதர் வீட்டு மொட்டைமாடியிலும் ஒரு ஆண்டெனாவை நட்டு, சாப்பாட்டு மேஜையில் கணினியைக் குடிவைத்து, கவளத்துக்குக் கவளம் திரையில் ஈரத்தின் அளவைக் காட்டி ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டு, தட்டில் என்ன இருந்தது என்றே தெரியாமல் கை கழுவுகிறவர்.

அன்று சாயங்காலம் பள்ளி மைதானத்தில் மகளின் நாடகம். அவள்தான் முதலை. ஒரு மாதமாக வீட்டில் எல்லோரையும் கடித்துப் பயிற்சி எடுத்திருந்தாள். மதியம் பார்த்துக் கோடு செங்குத்தாக ஏறியது. ஈரமானி தலைமையாசிரியைக்குப் போன் போட்டார்.

"டீச்சர், இவ்வளவு ஈரத்த என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. நாடகத்த நிறுத்திடுங்க."

"சார், இங்க வெயில் கொளுத்துதே?"

"வெயில நம்பாதீங்க!"

ஆபீசரே சொல்கிறாரே என்று நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பச்சை வாலை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் முதலை தேம்பித் தேம்பி அழுதது. முதலைக் கண்ணீரைப் பொய் என்று இனி யாராவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

துணி எடுக்க மாடிக்குப் போன மனைவி மேலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கொடியில இடமில்லன்னு மத்தியானம் கம்பளிய அலசி உங்க கம்பத்து மேல போட்டேன். இன்னும் காயல!"

ஈரமானி ஓடிப்போய்ப் பார்த்தார். ஆண்டெனாவின் தலையில் முக்காடு போட்ட மாதிரி கனத்த கம்பளி, ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா! ஈரம் இருக்குன்னு சொன்னேனா இல்லையா? கணக்கு தப்பல!"

முதலை எழுந்து வந்தது. அப்பாவின் முழங்கையை அழுத்தமாக ஒரு கடி கடித்தது. இந்தச் செய்தி மட்டும் தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

சிரிக்கிறீர்கள். சரி, நாளைக்குக் குடை வேண்டுமா என்று எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? கைபேசியைக் கீழே வையுங்கள். ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது. எதற்கும் முழுக்கைச் சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.