பாதுகாப்பு வாரத்தில் அவிழ்ந்த சாரம்

எழுதிப் பிழைக்க ஏதாவது வழி சொல்லுங்கள் என்று இளைஞர்கள் யாராவது கேட்டால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். (பெருமை கொஞ்சம் தாமதமாக வரும்.) பயிற்சிக் கையேடு, கடைத் திறப்பு நோட்டீஸ், கல்யாண வாழ்த்து, கவுன்சிலரின் மேடைப் பேச்சு என்று எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்து, என் வீட்டில் இத்தனை வருடமாக உலை கொதிக்கிறது. அதனால் அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று வெளியே பலரும் நம்புகிறார்கள். வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு நாடகம்.

ஒரகடத்தில் புதுப் புதுக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. திருச்செந்தூர்ப் பக்கமிருந்து டிப்ளமோவோடு வந்து, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைனில் நின்று ரப்பர் புஷ் மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் அறை. ஒரு வாரப் பத்திரிகையில் என் துணுக்கு ஒன்று நான்கு வரியில் வெளியாகியிருந்தது. அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டிவிட்டு, அன்றிலிருந்து என்னை எழுத்தாளன் என்று நானே அறிவித்துக்கொண்டேன். யூனிஃபார்முக்கு மேல் ஜோல்னாப் பை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியவன் அந்த ஏரியாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கேட்டில் செக்யூரிட்டி முதலில் சோதிப்பது அந்தப் பையைத்தான். உள்ளே டிபன் பாக்ஸும், ரொம்பக் கனமான கனவுகளும் இருந்தன.

ஒருநாள் பாதுகாப்பு அதிகாரி தணிகாசலம் சார் கூப்பிட்டனுப்பினார். பயிற்சிப் பிரிவில் தமிழில் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. போர்டு, கையேடு, நோட்டீஸ் எல்லாம் எழுத வேண்டும். பாதுகாப்பு வாரத்துக்கு நான் ஒரு நாடகம் போட்டு அது நன்றாக அமைந்துவிட்டால், அந்த நாற்காலிக்கு என் பெயரைச் சொல்வதாகச் சொன்னார். எழுதுவதற்கு மாதச் சம்பளம்! உடனே தலையாட்டினேன். அவர் விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா விஷயம்னா, புது ஷெட்டாண்ட ஒருத்தன் சாரத்த சரியா கட்டல. மேல ஏறும்போதே அவுந்துக்கிச்சி. கீய லேடீஸ்லாம் நின்னுகினு இருந்தாங்க. நல்ல வேள, ஒண்ணும் ஆவல. இத வச்சி சிரிக்கிற மாதிரி ஒரு நாடகம் எழுது."

இந்த இடத்தில் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் சவுக்குக் கம்புகளை நினைத்திருப்பீர்கள். தூத்துக்குடி, நெல்லைக்காரர்கள் என்னைப் போலவே லுங்கியை நினைத்திருப்பீர்கள். எங்கள் பக்கம் லுங்கிக்குச் சாரம் என்றுதான் பெயர். அந்தக் கம்பு வேலைக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஏணியே போதும்.

எனக்கும் லேசாகச் சந்தேகம் வராமலில்லை. ஒருவன் லுங்கி அவிழ்ந்ததற்குக் கம்பெனி செலவில் நாடகமா? ஆனால் கேட்டால், 'இதுகூடத் தெரியாத நீ என்ன எழுத்தாளன்' என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். "எல்லாருமே கட்டுறாங்களா சார்?" என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

"பின்ன, கட்டாம எப்டிப்பா மேல ஏறுவான்?" என்றார் அவர்.

நியாயமான பதிலாகத்தான் இருந்தது.

மளமளவென்று எழுதி முடித்து அறையில் வாசித்துக் காட்டினேன். அறைத்தோழன் இசக்கிமுத்து பாயில் உருண்டு சிரித்தான். "ஏல, வயிறு வலிக்குல. இதுல நாந்தாம்ல ஹீரோ" என்றான். எழுத வரும் தம்பி தங்கைகளே, எழுதியதை முதலில் அறைத்தோழனிடம் வாசித்துக் காட்டாதீர்கள். அவன் உங்கள் தாலுகாக்காரனாகவும் இருந்துவிட்டால், நீங்கள் செய்யும் தப்பையே அவனும் செய்து உங்களை மேதை ஆக்கிவிடுவான்.

கேன்டீனில்தான் மேடை. முன்வரிசையில் வடக்கத்தி மேனேஜர், பக்கத்தில் தணிகாசலம் சார், பின்னால் லைன் ஆட்கள். ஓரத்தில் புது ஷெட் கட்டும் குன்றத்தூர் மேஸ்திரி ஏழுமலை தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார்.

இசக்கி நீலக் கட்டம் போட்ட சாரத்தைப் பேருக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறினான். மூன்றாவது படியிலேயே அவிழ்ந்தது. உள்ளே கோடு போட்ட டிரவுசர். கேன்டீன் குலுங்கியது. அவன் அதை வாரிச் சுருட்டிக்கொண்டு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிய, சேலை கட்டிய இன்னொரு தோழன் வந்து, சாரத்தை இறுக்கிக் கட்டச் சொன்னால் கேட்டால்தானே என்று ஒப்பாரி வைத்தான். தமிழ் தெரியாத மேனேஜருக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலிக்கு என்ன நிறத்தில் குஷன் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தணிகாசலம் சார் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அடுத்து ஏழுமலை எழுந்தார். "லுங்கி அவுந்துச்சி, சிரிச்சோம். சாரம் எப்பப்பா வரும்?"

"அதுதாம்ணே சாரம்" என்றேன் நான் பெருமையோடு.

ஏழுமலை ஜன்னல் பக்கம் கை நீட்டினார். "தோ நிக்குது பாரு, அதான் சாரம்." புது ஷெட்டைச் சுற்றிக் கம்புகள் கயிற்றுக் கட்டோடு நின்றன. தினமும் அதன் கீழே நின்றுதான் நான் டீ குடித்திருக்கிறேன். பிறகு எழுந்த சிரிப்பில் கேன்டீன் தட்டுகளே அதிர்ந்தன. குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்த ஜெயந்தி, ஏழுமலையின் மகள், சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே ஓடினாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. நாற்காலி போயே போச்சு, இப்படியே ஊருக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றியது.

அப்போது தணிகாசலம் சார் மைக்கைப் பிடித்தார். "இந்த நாடகத்தோட கருத்து இன்னான்னா, சாரம் கட்டிகினு சாரத்துல ஏறக்கூடாது."

கூட்டம் மொத்தமும் திரும்பி ஏழுமலையின் ஆட்களைப் பார்த்தது. அத்தனை பேரும் லுங்கியில் இருந்தார்கள்! அவர்கள் குனிந்து தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்தவர் இந்தியில் சொல்லக் கேட்டு மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார்.

மறுநாள் முதல் கம்பு ஏறுகிறவர்களுக்கு பேன்ட் கட்டாயம் ஆனது. 'சாரம் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறாதீர்' என்று ஷெட் வாசலில் போர்டு வைத்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் துணுக்கு அச்சானதைவிட அதிகச் சந்தோஷம். தணிகாசலம் சார் என்னைப் பயிற்சிப் பிரிவில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒனுக்கு எய்த வருது. கேக்கத்தான் வரல. இங்க குந்திகினு ரெண்டையும் செய்." எழுத்துத் தொழிலைப் பற்றி இதைவிடப் பயனுள்ள வார்த்தையை நான் இன்றுவரை எங்கும் கேட்டதில்லை. தெரியாததைக் கேட்டால் மானம் அரை நிமிடம் போகும். கேட்காவிட்டால் மேடை போட்டுப் போகும்.

அதற்குப் பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். குவாலிட்டி பிரிவுக்குப் போய் ஜெயந்தியிடம் சென்னைப் பக்கத்துச் சொற்களுக்கு அர்த்தம் கேட்டேன். தேவைக்கு மேலேயே கேட்டேன். கடைசியில், உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குன்றத்தூரில் ஏழுமலை வீட்டுக்குப் பெண் கேட்கப் போய் நின்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணாலம் ஆனா வூட்டு மேல மாடி எடுக்கணும். சாரம் கட்ட வருவியா?"

"எந்தச் சாரம் மாமா?" என்றேன்.

அவர் உள்பக்கம் திரும்பினார். "ஜெயந்தி, காபி எட்தா. பையன் கேக்கக் கத்துக்கினான்."

எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி போட விடமாட்டார். வருடா வருடம் அதில் ஏதாவது சேரும். இப்போதெல்லாம் அவர் கதையில் இசக்கி கிடையாது. ஏணியில் ஏறிச் சாரம் அவிழ்ந்து டிரம்முக்குப் பின்னால் ஓடுவது நான்தான். என் பிள்ளைகள் அதைத்தான் நம்புகிறார்கள். நடந்தது அதுவல்ல என்று எழுந்து சொல்லலாம். ஆனால் தொழில் தெரிந்தவனாக யோசித்துப் பார்த்தால் அவர் கதைதான் நன்றாக இருக்கிறது, அதனால் நான் திருத்துவதில்லை.