பத்துக்குப்பத்து சொன்ன மதம்

மதம் என்ற சங்கதியைக் கரை கண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தேனி பஜாரில் கல்யாணத் தரகராக இருந்தார். மடாதிபதிகளும் பிஷப்புகளும் இதைப் படித்துக் கோபித்துக்கொண்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. அவர்கள் ஆளுக்கு ஒரு மதத்தை ஆயுள் முழுக்க ஒரே மாதிரி கட்டிக்கொண்டு இருப்பவர்கள். எங்கள் தரகர் சில வருஷத்துக்கு ஒரு தடவை மதத்துக்குப் புது விளக்கம் கண்டுபிடித்து, அதை வைத்தே ஊர்ப்பட்ட கல்யாணங்களை முடித்தவர்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பத்துக்குப்பத்து என்றால் போடியிலிருந்து கம்பம் வரைக்கும் தெரியும். எந்தப் பெண்ணுக்கும் எந்தப் பையனுக்கும் பத்துப் பொருத்தமும் இருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். ஒன்பது என்ற எண் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. ஒரு மாப்பிள்ளைக்குக் காது மந்தம் என்று தெரிந்து பெண்வீட்டார் சண்டைக்கு வந்தபோது, “ஒங்க பொண்ணுக்கு வாயி கொஞ்சம் நீளம். இதுக்கு மேல என்னய்யா பொருத்தம் வேணும்?” என்று கேட்டு, அதே முகூர்த்தத்தில் தாலி கட்டவைத்தார். அந்தத் தம்பதி இன்றைக்கும் சௌக்கியம்.

எங்கள் பஜாரில் அப்போது பாதிக் கடைகள் எங்களுடையவை, பாதி வேதக்காரர்களுடையவை. கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம். பூர்வீகம் எல்லாருக்கும் ஒன்றுதான். மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரே வீட்டில் அண்ணன் பட்டை போட்டார், தம்பி பைபிள் எடுத்தார். அதற்காகப் பெண் கொடுத்து எடுப்பதை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது?

அறுபதுகளின் தொடக்கத்தில் என் அக்காவுக்குப் போடியில் இரும்புக்கடை வைத்திருந்த வேதக்காரக் குடும்பத்தில் பத்துக்குப்பத்து வரன் கொண்டுவந்தார். நான் பி.யூ.சி. முடித்துவிட்டு அப்பாவோடு மிளகாய் வத்தல் கடையில் உட்கார்ந்த புதிது. அப்பாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. ஆனால் ஜாதகம் பார்க்காமல் அவர் கடையில் தராசைக்கூட மாற்றமாட்டார். “அதுக்கென்ன, கொண்டாந்துருக்கேன்” என்று தரகர் மடியிலிருந்து ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தார். மூவருமாகச் சின்னமனூர் ஜோசியரிடம் போனோம்.

ஜோசியர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

“தரகரே, போன மாசம் நீர் கொண்டாந்த பெரியகுளத்து மாப்பிள்ளை ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்குப் பொறந்துருந்தான். அதுக்கு முந்தி வந்தவனும் அப்படித்தான். இந்தப் பையனும் அதே மாதிரி பொறந்துருக்கான். வேதக்காரப் பொம்பளைக எல்லாம் கூடிப் பேசிவச்சுக்கிட்டுப் பெக்கிறாகளா?”

விஷயம் இதுதான். அவர்கள் வீடுகளில் ஜாதகம் எழுதும் வழக்கம் இல்லை. பிறந்த நேரம் கேட்டால், “மழை பெய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு” என்பார்கள். நிச்சயமாகத் தெரிந்த தேதி ஞானஸ்நானம் கொடுத்த தேதி மட்டும்தான். அது சபைப் பதிவேட்டில் இருக்கும். ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்தான் கொடுப்பார்கள். தரகர் அந்தத் தேதியைக் கொண்டுபோய் ஜாதகம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் மாப்பிள்ளைக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் நடந்திருந்ததால், மூன்று வயது வித்தியாசமுள்ள இருவரும் ஜாதகப்படி இரட்டைப் பிள்ளைகள் ஆகியிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் செருப்பைத் தேடியிருப்பார்கள். பத்துக்குப்பத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: “சாமி, பெத்த நேரத்துக்கு ஜாதகம் எழுதுறது நம்ம ஆளுகளுக்கு. அவுகளுக்கு ஞானஸ்நானம் வாங்குற அன்னிக்குத்தான் மறுபொறப்பு. நான் சொல்லல, அவுக வேதத்துல இருக்கு. பழைய பொறப்பு செல்லாது. செல்லாத பொறப்புக்கு ஜாதகம் எழுதுனா பாவம் ஒங்களுக்குத்தான் வரும்.”

ஜோசியர் தரகர் நீட்டிய வெற்றிலையை வாங்கி மென்றார். பூணூல் போட்டால் இரண்டாம் பிறப்பு என்று சாஸ்திரத்திலும் இருக்கிறதே என்று அவருக்கே ஒரு வழி தெரிந்தது. இரண்டாம் பிறப்புக்குக் கட்டம் போட்டுப் பார்த்து, பத்துப் பொருத்தமும் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா மெதுவாகக் கேட்டார். “ஏய்யா, பின்னால மதம் கிதம்னு ஒண்ணும் பிரச்சினை வராதுல்ல?”

“மதம்னா என்ன அண்ணாச்சி? ஞாயித்துக்கெழம காலையில கடை தொறந்துருக்கா, பூட்டிருக்கா, அம்புட்டுத்தான். ஒங்க கடை தொறந்துருக்கும், அவுக கடை பூட்டிருக்கும். மத்த ஆறு நாளும் ரெண்டு பேருக்கும் ஏவாரம். ஏழு நாள்ல ஆறு நாளு ஒத்துப்போற சம்பந்தம் ஒங்களுக்கு எங்கன கெடைக்கும்?”

இது முதல் விளக்கம். இதை நம்பி அக்கா போடிக்குப் போனாள். பெண் போகிற வீட்டு மதம்தான் பெண்ணுக்கு என்பது அப்போதைய வழக்கம். அக்கா மதம் மாறியது எங்கள் வீட்டில் ஒரு செய்தியாகவே இல்லை. அம்மாவுக்கு இருந்த ஒரே சந்தேகம் வேறு. “அங்கன வெள்ளிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிக்க விடுவாகளா?” என்று தரகரைக் கேட்டாள். “தெனமும் குளிக்கலாம் ஆத்தா, வீட்டுக்குள்ளயே அடிபம்பு இருக்கு” என்றார் அவர். மதப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. பொங்கலுக்கு இங்கிருந்து கரும்பு போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும்.

எழுபதுகளில் தரகருக்குக் கை நிறைய வேலை, விளக்கமும் மாறியது. “மதம்னா எந்த மாசத்துல கல்யாணம் வைக்கக் கூடாதுங்கறது. நம்ம ஆளுகன்னா ஆடியும் மார்கழியும் நான் பட்டினி. வேதக்காரவுகன்னா ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாளு பட்டினி. ரெண்டு பக்கமும் பாக்கிற என்னைய மாதிரி பக்திமான் எவன் இருக்கான்?” என்பார்.

அப்புறம் மாப்பிள்ளைகள் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். மதமும் கூடவே ஆபீசுக்குப் போயிற்று. “மதம்னா டி.சி.யில என்ன போட்டுருக்கோ அது” என்று தரகர் அறிவித்தார். கடமலைக்குண்டில் ஒரு பையன். குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் குடும்பம். அவன் படித்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஏதோ நினைவில் டி.சி.யில் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதிவிட்டார். தரகர் அதைக் காட்டி ஒரு வேதக்காரப் பெண்ணை முடித்துவைத்தார். “சர்க்காரு கையெழுத்து பொய் சொல்லுமா?” என்று கேட்டார். பையனும் யோசித்துப் பார்த்தான். டி.சி.யைத் திருத்தத் தாலுகா ஆபீசுக்கு நடப்பதைவிட ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நடப்பது பக்கம். நடந்துவிட்டான்.

இப்படியே காலம் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. எண்பதுகளில் எல்லாருக்கும் திடீரென்று ஞானம் பிறந்தது. அந்தப் பக்கம் புதிதாக வந்த போதகர், பழைய விசுவாசமெல்லாம் விசுவாசமே இல்லை என்றார். இந்தப் பக்கம் கோயிலுக்கு ஒரு கமிட்டி முளைத்தது. அதன் தலைவர் என் கடைக்கு மூன்று கடை தள்ளி உப்பு மண்டி வைத்திருந்தவர். அக்கா கல்யாணத்தில் கேக்கை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்ற அந்த வாய், இப்போது நம் மதத்துக்கு ஆபத்து என்று மைக்கில் பேசியது. தரகர் ரொம்ப இளைத்துப்போனார். “இப்ப மதம்னா, யாரக் கூப்பிடக் கூடாதுங்கற லிஸ்டு” என்றார். அந்த விளக்கத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் வெற்றிலை போடவில்லை.

அந்த லிஸ்டில் ஒருநாள் என் பெயர் வந்தது.

அக்கா மகளுக்குக் கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருந்த வேதக்காரர் வீட்டில் மாப்பிள்ளை. கொண்டுவந்தது பத்துக்குப்பத்துதான். பேச்சு முடிந்து, பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப்போன பிறகு மண்டிக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். தாய்மாமன் சீர்த் தட்டு ஆலயத்துக்குள் வரக் கூடாது. தாய்மாமன் பெண்ணுக்கு மாலை போட வேண்டுமென்றால் முதலில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வரட்டும்.

அக்கா பஸ் பிடித்து வந்து கடையில் வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்தாள். அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான்.

“ஒன்னய வாசல்ல நிறுத்திட்டு நான் எப்படிடா உள்ள நிப்பேன்? எனக்குப் பொறந்த வீடே இல்லைன்னு சபைக்கு முன்னால சொல்லச் சொல்றாக. வேணாம்னு சொல்லலாம்னா, புள்ளைக்கு அந்தப் பையனப் புடிச்சுப்போச்சே” என்று அழுதாள். காரத்தில் கண் எரிவதாகச் சொல்லி நானும் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் தரகரும் நானும் கம்பம் போனோம். மண்டிக்காரர் மரியாதையாக உட்காரவைத்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

“அந்தக் காலம் வேற தரகரே” என்றார் மண்டிக்காரர். “அப்ப நாங்க பேருக்குத்தான் வேதக்காரவுக. மதம்னா என்னான்னு இப்பத்தான் வெளங்கிருக்கு.”

“ரொம்பச் சந்தோசம். ஒங்க கல்யாணத்தையும் நான்தான முடிச்சுவச்சேன்? நம்ம பக்கத்துப் பொண்ணு, பட்டை போடுற வீடு. இவுக தாய்மாமன் பதினஞ்சு தட்டோட வந்தாக. தேங்கா, பழம், குங்குமம் எல்லாம் இருந்துச்சு. நீங்க அவுக கால்ல விழுந்து எந்திரிச்சீக.”

“அது வெளங்காத காலத்துல நடந்தது.”

“அப்ப, வெளங்காம நடந்த கல்யாணம் செல்லாதுல்ல?”

தரகர் எழுந்து அவர் மனைவியைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

“ஆத்தா, தப்பு எம்மேலதான். வெவரம் தெரியாம ஒங்களக் கொண்டாந்து இங்கன தள்ளிட்டேன். பெட்டியக் கட்டுங்க. உத்தமபாளையத்துல ஒருத்தவுக இருக்காக. சம்சாரம் தவறி ரெண்டு வருசமாச்சு. நல்ல குடும்பம். பத்துக்குப்பத்து.”

இன்றைக்கு இரண்டு பேரும் உதை வாங்காமல் போவதில்லை என்று நான் செருப்பு இருக்கும் இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று அழுதார்.

“மாலை போட்டுட்டு எங்க மாமா எங்காதுல சொன்னாக, ‘எங்கன இருந்தாலும் ஒனக்கு நான் இருக்கேன் தாயி’ன்னு. அவுக சாகுற வரைக்கும் அந்த ஒரு சொல்லுலதான் நான் இந்த வீட்டுல காலந்தள்ளுனேன். வரப்போற பிள்ளைக்கு அது வேணாமா?” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “தட்டு உள்ள வரும். வரலைன்னா நானும் வாசல்லதான் நிப்பேன். மாப்பிள்ளைக்கு அம்மா வேசம் போட வேற ஆளப் பாருங்க.”

மண்டிக்காரர் வியாபாரி. சரக்கு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால் பேரத்துக்கு வருவார். “சரி. கோயில்ல வச்சு எடுத்த தேங்கா மட்டும் வேணாம்” என்றார்.

“கடையில வாங்குற தேங்காதான். அதுக்கு இன்னும் எந்த மதமும் ஆகல” என்றார் பத்துக்குப்பத்து.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். “இப்பச் சொல்லுங்க, மதம்னா என்ன?”

“பொம்பளைக பேசாம இருக்குற நேரத்துல ஆம்பளைக பண்ற சேட்டை” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

எங்கள் பக்கத்து ஞானம் மிச்சம் இருந்ததே. வேதக்கோயிலுக்குச் சீர் தூக்குகிறவன் வீட்டுக்கு இனிமேல் கோயில் மரியாதை கிடையாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. கல்யாணத்தன்று காலையில் பஜாரில் என் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு. சீர்த் தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், உறவுக்காரர்கள்தான் தூக்க வேண்டும். பதினோரு தட்டு வைத்திருந்தேன். துணிந்து வந்தவர்கள் பத்துப் பேர், என் கையில் மாலை. தட்டைக் குறைத்தால் அக்கா எண்ணிவிடுவாள். பிறந்த வீட்டுத் தட்டை எண்ணாத பெண் உண்டா?

பத்துக்குப்பத்து எங்களை வழியனுப்பத்தான் வந்திருந்தார். தான் முடித்த எந்தக் கல்யாணத்துக்கும் அவர் போவதில்லை. “தரகன் பந்தல்ல நின்னா, சாம்பாருல உப்புக் கொறைஞ்சாலும் அவனத்தான் பாப்பாக” என்பார். அவருக்கென்று ஒரு வீடு உண்டா, ஆள் உண்டா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பதினோராவது தட்டு தரையில் கிடப்பதைப் பார்த்தார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

போடி ஆலயத்து வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். தட்டுகளைப் பார்த்ததும் படியில் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். எண்ணினாள். பதினொன்று.

வாசலில் நின்ற சபைப் பெரியவர் ஒருவர் தரகரை மறித்தார். “இவுக தரகர்ல? சீர்த் தட்டு சொந்தக்காரவுகதான தூக்கணும். இவுக என்ன முறை?”

கம்பம் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு மாமனும் மச்சானும் தேடிக் கொடுத்த மனிதர் பதில் தெரியாமல் நின்றார். அவர் விழித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எங்க பெரியப்பா” என்றேன்.

தலையில் தட்டு இருந்ததால் அவரால் திரும்பி என்னைப் பார்க்க முடியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. எனக்கும் அழுகையை அடக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.