மண்ணரை ஆத்தப்பர் வெள்ளகோவிலில் பலகை விரித்த படலம்

நெற்றி வியர்க்க, நரம்பு புடைக்க, நாள்தோறும் விடியலில் தனிப்போர் புரிவாரை முதற்கண் வணங்குவோம்! முன்னே செல்ல ஒரு தூசிப்படையும் இன்றி, பின்னே நின்று பாட ஒரு பாணனும் இன்றி, தாழிட்ட நாற்சுவருக்குள் தம்மோடு தாமே பொருது, வென்றாலும் வெளியே சொல்ல இயலாது வாழும் அவ்வீரர் அனைவருள்ளும் தலையாயவர், மண்ணரை காத்த மாண்பினர், ஓவர்லாக், பேட்லாக் என்னும் தையல் எந்திரங்கள் முரசும் முழவுமாய் அதிரும் பவர்டேபிள் கூடத்துக்குத் தனிப்பெரும் உரிமையாளர், ஐரோப்பியக் குழந்தைகளுக்கெல்லாம் அரைக்கை பனியன் தைத்து அனுப்பிய அருளாளர், ஆத்தப்பர் வாழ்க! அவர்தம் குடல் இளகுக!

இத்தகைய பெருந்தகைக்கு இடர் வந்த வழி யாதெனில், அவர் புது வீடு கட்டினார். முகம் பார்க்கத் தக்க தரையும், தேக்கு நிலையும், மாடியேறும் வழியெல்லாம் மின்னும் எஃகுக் கைப்பிடியும் அமைந்த அம்மாளிகையில், இன்ஜினியர் சொல் கேட்டு, கழிவறை அனைத்தும் மேலைநாட்டு முறையில் அமைந்தன. கொக்கு ஒன்று சிறகொடுக்கி அமர்ந்தாற்போல் மூலைதோறும் ஒரு வெண்பீங்கான் ஆசனம் வீற்றிருந்தது. ஆத்தப்பரோ பிறந்தது முதல் குத்தவைத்தே குறை தீர்த்தவர். நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தால் அவருடைய குடல் அதனை ஓய்வு என்று கொண்டதேயன்றி, வேலை என்று கொள்ளவில்லை.

புதுமனை புகுந்த நாள்முதல் முற்றுகை தொடங்கிற்று. காலாட்படையாய்ச் சென்ற கடுக்காய்ப்பொடி மீளவில்லை. களிற்றுப்படையாய்ப் புகுந்த விளக்கெண்ணெய் பெருமுழக்கம் செய்து அடங்கிற்று. கொய்யாவும் பப்பாளியும் சிறுகச் சிறுகப் பொருது வீழ்ந்தன. கோட்டை மட்டும் திறக்கவில்லை. உள்ளே அடைபட்டது வெளியே போகாதபோது அதன் வெம்மை முகத்தில் ஏறும் என்பது இயற்கை. ஆத்தப்பரின் முகம் கறுத்தது, சொல் கூர்த்தது. தாராபுரத்திலிருந்து மகளுக்கு வந்த நல்லதொரு சம்பந்தம் அவ்வாறுதான் முறிந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் தரகர் வாய்நிறைய, "பையன் எப்பவுமே சிரிச்ச மொகமுங்க" என்று புகழ்ந்தபோது, "சும்மா சிரிக்கறவன் எங்கீங்க உருப்படுவான்" என்று ஆத்தப்பர் வாயினின்றும் ஓர் அம்பு புறப்பட்டது. பையனின் தாய் காபித் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்றிரவு உண்ணாது படுத்த தந்தையின் நோய்முதல் நாடியவள் மகள் ஜெயபாரதி. எலும்பும் தசையும் இணங்கி நடக்க வழிசொல்லும் பிசியோதெரபி கற்றவள் அவள்.

"மருந்துல ஒண்ணுமில்லீங்கப்பா. உக்கார்ற வாக்குலதான் தப்பு. முட்டி ரெண்டும் இடுப்புக்கு மேல ஏறோணும்" என்றாள். சொன்னதோடு நில்லாது, கைபேசியிலேயே ஒரு பொருளுக்கு ஆர்டர் போட்டாள்.

வந்தது படைக்கலம்! மடித்தால் கணக்குப் புத்தகம் போல் ஒல்கி ஒடுங்குவது, விரித்தால் நாற்காலும் ஊன்றி நந்தியெனக் குந்துவது, ஆசனத்தின் அடியில் அமர்ந்து, ஏறி அமர்ந்தாரின் இருபாதமும் தாங்கி, முழங்கால்களை மார்பு நோக்கி உயர்த்துவது, ஆகாய நிறத்தது, பிளாஸ்டிக்கால் ஆயது, பெயர் கால்பலகை.

"கக்கூசுக்கு ஒரு முக்காலியா? ஊரு சிரிக்காதா கண்ணு?" என்று கூறி ஆத்தப்பர் அதைப் புறக்கணித்தார். ஆயினும் மறுநாள் விடியலில், வீடு உறங்குகையில், மெல்ல அதனை எடுத்துச் சென்றார். அங்கே நிகழ்ந்ததை விரித்துரைப்பது நூலோர் மரபன்று. மதகு திறந்த ஓடைபோல் முகம் தெளிந்து வெளிவந்த அவர், பால்காரரைத் தாமாகவே நலம் விசாரித்தார் என்ற அளவில் நிறுத்துவோம்.

அதுமுதல் வாளைப் பிரியா மறவர்போல் அவர் அப்பலகையைப் பிரியாராயினர். வாளுக்கு உறை வேண்டாமா? கம்பெனி விடுமுறை நாளில், எவரும் இல்லாத கூடத்தில் தாமே ஓவர்லாக்கில் அமர்ந்து, ஜெர்மன் குழந்தைகளின் ஆர்டரில் எஞ்சிய துணியில், வாய்க்கு நாடா கோத்து ஒரு பை தைத்தார். அதன்மேல் பச்சை டைனோசர்கள் பல வாய்பிளந்து நின்றன.

இங்ஙனம் இருக்க, வெள்ளகோவிலிலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நிதிஷ். அவனும் ஜெயபாரதியும் முன்னரே காதர்பேட்டைப் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் கடையில் பார்த்துப் பேசி, பிறகு கைபேசியிலும் பேசிப் பேசி, இருவர் மனமும் ஒருவழிப்பட்டிருந்தன. இனிப் பெரியவர்கள் சென்று வீடு பார்த்து, வெற்றிலைபாக்கு மாற்றி உறுதி செய்வதொன்றே எஞ்சியது. புறப்படும் காலையில், ஆத்தப்பரின் இல்லக்கிழத்தி அமராவதி காரில் ஏறுமுன் கணவரை நோக்கி ஆணையிட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளு மொகத்த நல்லா வெச்சுக்கோங்க. பாப்பாவுக்கு இந்தப் பையனப் புடிச்சுப் போச்சு. தாராவரத்துல பேசுன மாதிரி பேசீறாதீங்க."

ஆத்தப்பர் தலையசைத்துக் காரில் ஏறினார். ஆயினும் முகம் மலர்வது எங்ஙனம்? நல்ல நேரம் பார்த்து வெள்ளெனப் புறப்பட்டமையால் அன்றைய போர் நடைபெறவேயில்லை. பகை உள்ளேதான் இருந்தது. டைனோசர் உறையிட்ட பலகையை மடிமீது இருத்தி, சிவன்மலை முருகன் கோவில் தோன்றிய இடத்தில் இருகையும் கூப்பி, "முருகா, வழிவிடப்பா" என்று அவர் வேண்டியபோது, சம்பந்தத்துக்காக வேண்டுகிறார் என்றெண்ணி அமராவதியும் கைகூப்பினாள்.

வெள்ளகோவில் சேர்ந்தனர். நிதிஷின் தந்தை, விசைத்தறி பலவுடைய சாமியப்பரின் இல்லம் அது. கூடத்தில் சுற்றமெல்லாம் சோபாவிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் நிரந்து வீற்றிருந்தது. நடுவே சாமியப்பர், அரிவாள் மீசையர், அளந்து பேசுநர், ஒரு தொடையில் மட்டும் பாரம் தாங்கிச் சாய்ந்து, புன்னகை என்பதைப் பிறர் முகத்திலும் விரும்பாதவராய் அமர்ந்திருந்தார். வந்தோரை "வாங்க" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல்லும் பெயரவில்லை. இந்த முகத்திலிருந்து சம்மதம் பெறுவது எப்படி என்று அமராவதி கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

இலை விரிந்தது. சந்தகையும் தேங்காய்ப்பாலும், இட்டலியும் குருமாவும், ஈற்றில் நுரை பொங்கும் காபியும் வந்தன. காபியின் கடைசி மிடறு உள்ளிறங்கியதும், ஆத்தப்பரின் அகத்தே, மலைக்கு அப்பால் இடி உருண்டாற்போல் ஒரு முழக்கம் எழுந்தது. அழைப்பு! இன்று விட்டால் இனி எந்நாளோ என்னும் அழைப்பு! அவர் பையை மார்போடு அணைத்து எழுந்து, "பாத்ரூம் எங்கீங்க?" என்றார்.

அந்தோ, அது கூடத்திலேயே இருந்தது! சுற்றம் அமர்ந்த சோபாவுக்கு நேர் எதிரே, அனைவரும் காணும் கதவு. "பையில என்னங்க?" என்றது ஒரு குரல். "துண்டுங்க" என்றார் ஆத்தப்பர். துண்டு இத்தனை கூர்முனைகளோடு இருக்குமா என்று எவரும் வினவும் முன்னர்த் தாழ் விழுந்தது.

உள்ளேயும் ஒரு பீங்கான் கொக்கு. ஆத்தப்பர் நாடாவை அவிழ்த்தார்; உறையினின்றும் பலகையை உருவினார்; 'கிளிக்' என்னும் ஒலியோடு அது விரிந்து ஊன்றிற்று. ஏறினார். வென்றார். கூடத்தில் மின்விசிறி சுழலும் ஓசையைத் தவிர வேறோசை இல்லாத அவ்வேளையில், ஒருவர் எவ்வளவு அமைதியாக வெல்லலாமோ அவ்வளவு அமைதியாக வென்றார். தாராபுரத்தில் தொலைத்த புன்னகை திரும்ப வந்து இதழில் அமர்ந்தது. கை கழுவி, பலகையை மடிக்கக் குனிந்தார்.

மடியவில்லை.

அழுத்தினார், அசையவில்லை. திருப்பினார்; திமிறிற்று. கால்களைப் பற்றி நெரித்தார். அது கீலுக்கிடையே அவருடைய கட்டைவிரலைக் கவ்வி நெரித்தது. மல்லரிருவர் மணற்களத்தில் ஒருவரை ஒருவர் பற்றிச் சுழல்வதுபோல் ஈரத்தரையில் அவரும் அதுவும் சுழன்றனர். வேட்டி நனைந்தது. வியர்வை வழிந்தது. சினம் தலைக்கேற ஓங்கி ஓர் உதை விட்டார். பலகை பறந்து பக்கெட்டில் மோதி, பக்கெட் சுவரில் மோதி, குவளை அதிர்ந்து வீழ்ந்து, உருண்டு உருண்டு, ஒலித்து ஒலித்து, ஒருவழியாய் ஓய்ந்தது.

கூடத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"ஏனுங்க, உள்ள ஏதாச்சும் உழுந்துருச்சுங்களா?" சாமியப்பரின் குரல்தான்.

"இல்லீங்க! ஒண்ணுமில்லீங்க!"

"டைல்ஸ் ரொம்ப நல்லாருக்குதுங்க, எங்க எடுத்தீங்க?" என்று அமராவதி அவசரமாக வினவுவது கேட்டது. பாவம் அவள்! புறக்கோட்டை காக்கத் தனியொருத்தியாய் நின்றாள்.

ஆத்தப்பர் கைபேசியை எடுத்து, வீட்டிலிருந்த மகளை அழைத்தார். வாயைச் சுவரோடு ஒட்டி, மூச்சினும் மெல்லிய குரலில், "கண்ணு, இது மடங்க மாட்டேங்குது" என்றார்.

"அடியில ரெண்டு பக்கமும் பட்டன் இருக்குமுங்கப்பா. ரெண்டையும் ஒண்ணா அமுக்கீட்டு மடக்குங்க."

"ஒண்ணு அமுங்குது. இன்னொண்ணு அமுங்கல."

"செரி, மெதுவாப் பாருங்க. ஒதச்சுக்கிதச்சு வெச்சறாதீங்க."

"ஒதச்சுட்டனே கண்ணு."

பிறகு ஜெயபாரதி, இதுவரை இல்லாத சின்னக் குரலில் கேட்டாள்: "அவிங்க ஊட்டுல என்னங்கப்பா சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல சாமி. நான் வெளிய போனாத்தான சொல்லுவாங்க."

மகளின் அச்சின்னக் குரல் அவர் நெஞ்சில் வேலினும் ஆழப் பாய்ந்தது. ராகுகாலமோ நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் வெற்றிலைபாக்கு மாற்றாவிடில், இந்தச் சாமியப்பர் மறுமுறை அழைப்பாரென்று யார் உறுதி கூறுவார்? விரித்த பலகையை விரித்தவாறே பையில் திணித்தார். பனியன் துணி இழுபடும்; அது அதன் அறம். எனினும் அறத்துக்கும் எல்லை உண்டு. தையல் விட்டது. இரண்டு கால்கள் உள்ளேயும் இரண்டு கால்கள் வெளியேயுமாக, நீண்டு அகன்ற டைனோசர்களின் வாய்வழியே ஆகாய நிறம் எட்டிப் பார்த்தது.

ஆத்தப்பர் நிமிர்ந்தார். மீசை நீர்த்துளியைத் துடைத்தார். தாழ் நீக்கி, தோற்ற படைக்கலத்தை இருகையிலும் ஏந்தி, சுற்றத்தின் முன் வந்து நின்றார்.

அமராவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

சாமியப்பர் எழுந்தார். பையைப் பார்த்தார், நனைந்த வேட்டியைப் பார்த்தார். "அது என்னங்க?" என்றார்.

பொய்யாகச் சொல்லத்தக்கவை ஓராயிரம் உண்டு. ஆனால் ஆத்தப்பர், வயிறு லேசாகியிருந்த காரணத்தால், மனமும் லேசாகி, கூடம் முழுதும் கேட்க உரைத்தார்:

"இது காலு வெக்கற பலகைங்க. குத்தவெச்சு உக்காந்து பழகுன ஒடம்புங்க, சேர் மாதிரி உக்காந்தா எனக்கு வர்றதில்லீங்க. இதுல காலத் தூக்கி வெச்சா வருதுங்க. மடக்கிக் கொண்டாந்தனுங்க, இப்ப மடங்க மாட்டேங்குது. எங்க பாப்பா வாங்கிக் குடுத்துச்சுங்க. இதனால பாப்பாவத் தப்பா நெனச்சுக்காதீங்க."

சாமியப்பர் நெடுநேரம் அவரை உற்று நோக்கினார். பிறகு இருகை நீட்டிப் பலகையை வாங்கினார். டைனோசர் உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கூடம் பார்த்திருக்க, நேரே நடந்து, கழிவறையுள் புகுந்து, தாழிட்டார்.

சுற்றம் காத்திருந்தது. நிதிஷ் தரையைப் பார்த்தான். தட்டிலிருந்த வெற்றிலையின் நுனி வாடிற்று. சாமியப்பரின் மனைவி அமராவதியின் பக்கம் சாய்ந்து, "இந்த ஊடு கட்டுனதுலருந்தே இவருக்கும் இதே பாடுதானுங்க. வெளிய சொல்ல மாட்டாரு. ஒரு பக்கமாச் சாஞ்சே உக்காந்திருப்பாரு" என்று மெல்லிய குரலில் சொன்னாள். அமராவதி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

கதவு திறந்தது.

மேகம் கிழித்த முழுமதியெனச் சாமியப்பரின் முகம் வெளிப்பட்டது. மீசை மேலேறியிருந்தது. இரு தொடையும் பாரம் தாங்க நிமிர்ந்து நடந்து வந்தவர், ஆத்தப்பரின் தோள்மேல் கைவைத்து, அதுவரை அக்கூடத்தில் ஒலியாத ஒரு சொல்லை ஒலித்தார்:

"சம்பந்தி! வெத்தல பாக்க எடுங்க. ராகுகாலம் வந்தறப் போகுது."

தட்டு மாறிற்று. குலவை எழுந்தது. கைபேசியில் செய்தி கேட்ட ஜெயபாரதி, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தந்தைக்கே விளங்காத ஓர் ஒலி செய்தாள். மதிய விருந்தும் முடித்து விடைபெறும் வேளையில், சாமியப்பர் பலகையைத் தாமே எடுத்துக்கொண்டு கார்வரை வந்தார். ஆயினும் கார்க்கதவு திறந்த பின்னும் அவருடைய கைகள் அதனை விடவில்லை. விரல்கள் அதன் விளிம்பைத் தடவியவண்ணம் இருந்தன. அதை ஆத்தப்பர் கண்டார். கண்டு, ஒரு கணம் தம் வயிற்றை நினைத்தார். மறுகணம் மகளை நினைத்தார். கொழுகொம்பின்றித் தவித்த கொடிக்குத் தேரை நிறுத்திவிட்டு நடந்தே ஊர் திரும்பிய வள்ளலின் உள்ளம் அவருள் பொங்கிற்று.

"சம்பந்தி, அது இங்கயே இருக்கட்டுங்க" என்றார்.

"ஐயோ, உங்களுக்கு?"

"நான் பாத்துக்கறனுங்க."

அது மடிய மறுத்ததன் காரணமும் அப்போது ஆத்தப்பருக்கு விளங்கிற்று: மணமகளுக்கு முன்பே அது புகுந்த வீட்டைக் கண்டுகொண்டது. கொடையால் விரிந்த மார்பும், காதில் மங்கல ஒலியும், முன்னிருக்கையில் செம்மாந்த தோற்றமுமாக, காங்கயத்தைக் கடந்து, சிவன்மலையைக் கடந்து, மாலை வெயில் பொன்னாடை போர்த்த, மண்ணரைக் காவலர் வெற்றித்திருவோடு தம் நகர் புகுந்தார்.

மறுநாள் காலை அவருக்கு வரவில்லை.