நிழலுக்கு வெளியே ஒரு ரூம்

ரிட்டயராக இன்னும் சில மாசம் இருக்கும்போதே, ரிட்டயரான மறுநாளிலிருந்து என் குரலைக் கேட்காமல் வாழ்வது என்று என் வீட்டுக்காரர் சபதம் எடுத்தார். பேர் செங்கல்வராயன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். முப்பது வருஷம் மிஷின் சத்தத்தைத் தாங்கின காதுக்கு என் சத்தம்தான் ஜாஸ்தியாம்.

அதற்காக ஒரு ரூம் கட்டப் போகிறார். எங்கே? சமையலறையை விட்டு எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரத்தில். தோட்டக் கோடியில், என் பங்கனப்பள்ளி மாமரத்தை ஒட்டி.

"ஏங்க, அங்கே கடைக்கால் தோண்டினா வேர் அறுந்துடும்."

"மூணடிதான் தோண்டறோம். வேரு ஆணி மாதிரி நேரா கீழே போவும்."

"மரம் என்ன உங்க கம்பெனி ஷூவா, ஆணி அடிச்சு நிறுத்த? வேர் பக்கவாட்டுல விரியும். நிழல் விழற தூரம் வரைக்கும், அதுக்கு மேலயும். அதுவும் மேலாக்கத்தான் இருக்கும். கான்வென்ட்ல சிஸ்டர் ஸ்கேலால அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. இன்னும் விரல் முட்டியில இருக்கு."

"ரெண்டு வேரு போனா இன்னா இப்போ?"

"இன்னிக்கு ஒண்ணும் ஆவாது. ரெண்டு மூணு வருஷத்துல காய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு காத்தடிச்சா உங்க ரூம் மேலயே படுத்துக்கும். அமைதியா."

"பேஜார் பண்ணாதே சோபனா. முடிவு முடிவுதான்."

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வாஹித் பாஷாவை வரவழைத்து, மரத்தடியில் சுண்ணாம்புப் பொடியால் பத்துக்குப் பத்து கோடு போட்டார். பிறகு எனக்கும் கேட்கும்படி உத்தரவு.

"பாய், தோ பாருங்க. நாளைக்கு ஃபாரின்காரன் சரக்கு பார்க்க வர்றான், எனக்கு லீவு கிடையாது. தரையில கோடு எங்கே இருக்கோ அங்கே தோண்டுங்க. ஒரு இஞ்ச் நகரக் கூடாது. யாரு இன்னா சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. முக்கியமா இந்தம்மா."

"சரி சார்."

என் பக்கம் திரும்பினார். "நீ பூஜையை மட்டும் போட்டுடு. வாயைத் திறக்காதே. பூஜை போட்ட கடைக்காலை மூடினா குடும்பத்துக்கு ஆகாது, ஞாபகம் வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் அவரை அள்ளிக்கொண்டு போனது. நான் வழக்கம்போல வாசல் தெளித்தேன். கை கொஞ்சம் தாராளமாகி, தோட்டக் கோடி வரைக்கும் தெளித்துப் பெருக்கிவிட்டேன். சுண்ணாம்புக் கோட்டைக் காணோம். அடடா!

கோலமாவுக் கிண்ணத்தை எடுத்தேன். இருபத்தாறு வருஷம் கோலம் போட்ட கை. நாலு கோடு இழுக்க வராதா? முந்தின நாள் உச்சி வெயிலில் மர நிழல் முடிகிற இடத்தில் ஒரு செங்கல் வைத்திருந்தேன். அதிலிருந்து இன்னும் மூன்று எட்டு தள்ளினேன். அங்கிருந்து அதே பத்துக்குப் பத்து. சரியாகச் சமையலறைச் சுவரில் வந்து முட்டியது.

அப்படியே மரத்தைச் சுற்றி நாலு கொம்பு நட்டு, கொடி கட்டி, துவைத்த புடவைகளைக் காயப் போட்டேன். வேர் மேல் ஜல்லியைக் குவித்தாலும் மரத்துக்கு மூச்சு முட்டும். ஈரப் புடவையைத் தாண்டி எந்த லாரிக்காரன் ஜல்லி கொட்டுவான்?

எட்டு மணிக்குப் பாஷா வந்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அம்மா, நேத்து கோடு அங்கே இல்ல இருந்தது?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். வாயைத் திறக்கக் கூடாதே!

பாஷா தாடியைத் தடவினார். "கோடு எங்கே இருக்கோ அங்கே. சார் சொன்னா சொன்னதுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. முதல் குழியில் பாலும் நவதானியமும் விட்டு, கற்பூரம் காட்டி, பூஜையை ஜோராக முடித்தேன்.

சாயங்காலம் சார் வந்தார்.

"இன்னா பாய் இது!"

"நீங்க சொன்னபடிதான் சார். ஒரு இஞ்ச் நகரல."

"மூடுங்க! எல்லாத்தையும் மூடுங்க!"

"பூஜை போட்டாச்சுங்க" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை.

குழி மூடவில்லை. அவர் வாய்தான் மூடியது.

போன மாசம் ரிட்டயரானார். மாமரம் எப்போதும்போலப் பூத்திருக்கிறது. புது ரூமில் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்தார். சமையலறை ஜன்னல் நேராக அவர் காதுக்குத்தான் திறக்கிறது. பருப்பு விலையிலிருந்து ஆரம்பித்தேன். அரை மணி நேரம் பொறுத்தார் பாவம்.

"சோபனா, இந்த ஜன்னலை மூடிக்கட்டுமா?"

"தாராளமா மூடுங்க. அப்புறம் காபி எந்த வழியா வரும்?"