கார் ஷெட்டில் ஒரு குடித்தனம்

கார் ஷெட்டை வீடாக்கி வாடகைக்கு விட்டே தீருவது என்று முடிவெடுத்துவிட்டார் பிளான் மாஸ்டர். இனி ஆண்டவனே வந்து குறுக்கே படுத்தாலும் தாண்டிப் போவார். தெருவில் அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பிளானெல்லாம் அவருடையது, கவிழ்ந்ததை அள்ளிப் போடுவது மட்டும் மனைவியுடையது.

ஷெட்டில் கார் கிடையாது. மனைவியின் தையல் மெஷின்தான் இருந்தது. ஒரு குண்டு பல்பு, அதற்குக் கீழே அவள், அவளைச் சுற்றிக் கொசு.

"மெஷினைத் தூக்கு. குடித்தனம் வருது."

"ஏங்க, நான் எங்க உக்காந்து தைக்கிறது?"

"சமையலறை மூலைல."

"அப்புறம் சோத்துல நூல் கிடக்குன்னு கத்தக் கூடாது. இதுக்கெல்லாம் அனுமதி வாங்கணுங்க. ஜன்னல் இல்ல, வழி ஒண்ணே ஒண்ணு. தீப்பிடிச்சா ஆளுங்க எப்படி வெளிய வருவாங்க?"

"ஓடி வருவாங்க! நீ குறுக்க நிக்காம இருந்தா!"

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுநாளிலிருந்து ஒத்தாசை வேறு.

"லைட்டு இன்னும் ரெண்டு போட்டா பளிச்னு இருக்குமே?"

"அடடே, இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு!"

"சுவத்துல அலமாரி?"

"அடிச்சிடுவோம்!"

"ஃபேன்?"

"மாட்டிடுவோம்!"

பெண்டாட்டியையே வழிக்குக் கொண்டுவந்த பெருமையில் மாஸ்டர் விசிலடித்தார்.

ஃபேன் சுற்றிய மறுநாள் காலை நகராட்சி ஆய்வாளர் வந்து நின்றார். காலி டிரம்மை உருட்டினாற்போல் குரல்.

"கட்டிலு, அடுப்பு... யாரு சார் குடிவர்றது?"

"அது... யாருமில்ல சார்."

"ஜன்னலில்லாம ஆளைப் படுக்க வெச்சா அது வீடில்ல, எலிப்பொறி. மொத்தத்தையும் இடிக்கணும்."

இடிப்பதா! மாஸ்டரின் குரல் கீச்சென்று மச்சுக்கு ஏறியது. "வாடகைக்கே இல்ல சார்! என் வீட்டம்மாவோட தையல் ரூம்! கொசுக்கடில கஷ்டப்படறாளேன்னு பாசத்துல கட்டினேன்!"

மனைவி கன்னத்தில் கை வைத்தாள். "எனக்கா? நிஜமாவா?"

"உனக்கேதான்! சத்தியமா!"

"பகல்ல கதவைத் திறந்து வெச்சுத் தைக்கிறதுன்னா சரி," என்றார் ஆய்வாளர். "கட்டிலும் அடுப்பும் இன்னைக்கே வெளிய போகணும். மெஷின் உள்ள வரணும். அடிக்கடி வந்து பார்ப்பேன்."

மெஷினை மாஸ்டரே சுமந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உறுமினார். "எவன் போட்டுக் கொடுத்தான்? பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்தானே?"

மனைவி அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டினாள். ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். சொகுசாக உட்கார்ந்தாள்.

"பாவம், அவரை ஏன் திட்டறீங்க? ஆய்வாளர் போன வாரமே வரேன்னார். நான்தான், 'பொறுங்க சார், இன்னும் ஃபேன் மாட்டல'ன்னேன்."